இட்டலிக்கு ஏது தீட்டு?

திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கான ஜனங்கள் 14 கிலோமீட்டர் தூரம் மலையைச் சுற்றி நடக்கின்றார்கள். வழியில் அடி அண்ணாமலையில் கால் ஓய்ந்து உட்காருகின்றவர்களுக்கு எளிதில் வயிறு நிரப்புவது இட்டலி. மலைக்குப் புராணம் இருப்பதுபோல் இட்டலிக்கும் புராணம் பேசுகின்றவர்கள் உண்டு. ஆதிகாலத்து ரிஷிகள் உண்ட சுத்த ஆகாரம் என்பார் ஒருவர். இல்லை, சங்க காலத்துத் தமிழன் கண்டுபிடித்தது என்பார் மற்றொருவர். இருவரையும் நாம் கேட்பது ஒன்றுதான்: ஆதாரம் எங்கே?

கிடைத்துள்ள ஆதாரங்களைப் பார்ப்போம். சுமார் 920-ல் எழுதப்பட்ட வட்டாராதனை என்னும் கன்னடச் சமணக் கதை நூலில், வீட்டுக்கு வந்தவருக்குப் படைத்த பண்டங்களில் ஒன்றாக ‘இட்டலிகே’ என்ற பெயர் வருகின்றது. சுமார் 1025-ல் சாவுண்டராயர் கன்னடத்தில் எழுதிய லோகோபகாரம் செய்முறையையே சொல்லுகின்றது. உளுத்தம்பருப்பை மோரில் ஊறவைத்து, நைய அரைத்து, தயிரின் தெளிந்த நீரும், சீரகம், கொத்தமல்லி, மிளகு, பெருங்காயமும் சேர்க்க வேண்டுமாம். சுமார் 1130-ல் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் செய்த மானசோல்லாசம் என்ற சமஸ்கிருத நூலோ, உளுந்து மாவைச் சிறு உருண்டைகளாக்கி நெய்யில் பொரித்து, மிளகும் சீரகமும் பெருங்காயமும் தூவி, அதை ‘இட்டரிகா’ என்கின்றது.

இவற்றில் இன்றைய இட்டலி எங்கே இருக்கின்றது? அரிசி இல்லை. இரவெல்லாம் மாவைப் புளிக்க வைப்பது இல்லை. ஆவியில் அவிப்பது இல்லை. இம்மூன்றும் இல்லாததை உணவு வரலாற்று ஆசிரியர் கே. டி. அச்சயா 1994-ல் வெளியான தம் நூலில் எடுத்துக் காட்டினார். இந்தோனேசியாவிலிருந்து இம்முறை வந்திருக்கலாம் என்றும் அவர் கருதினார். அது யூகம், சான்று கிடைக்கும்வரை அதை யூகமென்றே வைக்க வேண்டும். ரிஷி கதையைப் பொய் என்று தள்ளிவிட்டு, நமக்கு இனிக்கின்றது என்பதற்காகத் தமிழன் கதையை மட்டும் ஒப்புக்கொள்வது பகுத்தறிவாகாது.

நிற்க. இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன? பெயர் நிலைத்தது, பண்டம் மாறிற்று என்பதே. உளுந்தோடு அரிசியைச் சேர்த்தவர் யார், முதலில் ஆவியில் வைத்தவர் யார் என்று எந்த ஏட்டிலும் பெயர் இல்லை. ஏடு எழுதியவன் பெயரும் அரசன் பெயரும் நிலைத்தன; உரலில் கை நோக அரைத்தவர்கள் பெயர் மறைந்துபோயிற்று. அப்படி இருக்க, பல ஊர், பல மொழி, பல கை பட்டு வந்த இந்தப் பண்டத்திற்கு ஜாதிச் சுத்தம் எங்கிருந்து வந்தது? இந்த இட்டலியைத் தின்பதற்கே ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கு ஓரிடம், மற்றவருக்கு ஓரிடம் என்று வைத்திருந்தார்களே! 1941-ல் அந்த ஏற்பாடு ஒழிந்தது. அதனால் எந்த இட்டலியாவது கெட்டுப்போயிற்றா?

இன்னும் ஒன்று. மாவு பொங்காவிட்டால் கைராசி இல்லை என்றும், மாதவிலக்கான பெண் தொட்டால் தீட்டு என்றும் சொல்லுகின்றவர்கள் இன்றும் இருக்கின்றார்கள். மாவைப் பொங்கச் செய்வது உளுந்திலும் அரிசியிலும் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள். அவை வெளிவிடும் காற்றுத்தான் மாவை உப்பச் செய்கின்றது. வெயில் காலத்தில் சீக்கிரமும், மார்கழிக் குளிரில் தாமதமாகவும் மாவு பொங்குவது இதனால்தான். அந்த உயிர்களுக்கு வேண்டியது இளஞ்சூடு. அவை ஜாதகமும் பார்ப்பதில்லை, தீட்டும் பார்ப்பதில்லை.

ஆகவே தோழர்களே, அடுத்த முறை உங்கள் வீட்டில் யாராவது ஒரு பெண்ணை மாவுப் பானையைத் தொடாதே என்று தடுத்தால், காரணம் கேளுங்கள். சாஸ்திரம் என்று பதில் வந்தால், எந்தச் சாஸ்திரத்து இட்டலி, மோரில் ஊறியதா, நெய்யில் பொரித்ததா என்று திருப்பிக் கேளுங்கள்.