வாழைமர நோட்டு

இன்க்ரிமென்ட் போதவில்லை என்று புலம்பும் ஆசாமியா நீங்கள்? வாருங்கள், நம்ம கட்சி. நானும் போன வாரம் வரை அப்படித்தான்.

போன வாரம் ஊரில் பழைய டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோது ஒரு கட்டு நோட்டு கிடைத்தது. மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதிய தாத்தாவின் பெட்டி. எல்லாம் 10 டாலர் நோட்டு, வாழைமரம் போட்டது. ஆஹா, லட்சாதிபதி என்று குதித்தேன்.

"ரொம்பக் குதிக்காதே. அது அப்பவே செல்லாம போச்சு" என்றாள் அம்மா.

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. ஊருக்கு ஸ்யோனான் என்று புதுப் பெயர். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி டோக்கியோ நேரமாக்கினார்கள். (ஆபீஸுக்கு லேட்டாக வருபவர்கள் கதியை யோசியுங்கள்!) அப்புறம் சொந்த நோட்டு. முதலில் அதில் வரிசை எண் இருந்தது. பிறகு அதையும் விட்டுவிட்டு அடித்துத் தள்ளினார்கள். எண் இல்லாத நோட்டு என்றால் கள்ள நோட்டுக்காரன் சும்மா இருப்பானா? அவன் பங்குக்கு அவனும் அடித்தான்.

நோட்டு பெருகியது, அரிசி வரத்து குறைந்தது. 1941 டிசம்பரில் 60 கிலோ அரிசி சுமார் 5 டாலர். 1945 நடுவில் சுமார் 5,000 டாலர். ஆயிரம் மடங்கு ஸார்! சம்பளத்தைவிட ரேஷன் அரிசிதான் பெரிசு. அதுவும் போதாமல் மூன்று வேளையும் மரவள்ளிக் கிழங்கு.

தோட்டத் தமிழர்கள் பாடு இன்னும் மோசம். நாளுக்கு 1 டாலர் கூலி என்று ஆசை காட்டி, மசியாதவர்களைப் பிடித்து இழுத்து, சயாம்-பர்மா ரயில் பாதை போட அனுப்பினார்கள். காட்டில் காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் போய்விட்டார்கள். பிழைத்து வந்தவர்கள் முடிந்து வைத்திருந்த கூலியும், 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் வெறும் காகிதமாகிவிட்டது.

நோட்டை உற்றுப் பார்த்தேன். கொண்டு வருபவர் கேட்டவுடன் பணம் தருவதாக ஜப்பானிய அரசு வாக்களிக்கிறது என்று இங்கிலீஷில் ஜோராக அச்சடித்திருக்கிறது.

"செல்லாத காசை எதுக்கும்மா தாத்தா இத்தனை வருஷம் வெச்சிருந்தார்?"

"அது அவர் காசு இல்லடா. தோட்டத்துல ஒருத்தர் ரயில் வேலைக்குப் போறப்போ, பத்திரமா வெச்சிருங்கய்யா, வந்து வாங்கிக்கறேன்னு குடுத்துட்டுப் போனாராம். ஆள் வரவே இல்லை. வந்து கேட்டா குடுக்கணுமில்லையான்னு தாத்தா கடைசி வரைக்கும் சொல்லிட்டிருந்தார்."

கட்டை எண்ணாமல், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.