வயிற்றின் விரைவும் தமிழின் தேவையும்

கருவடிக்குப்பத்து மூதாட்டி ஒருவர் மருந்துவில்லை உறையை என்னிடம் நீட்டி, உணவுக்கு முன் விழுங்குவதா, பின் விழுங்குவதா என வினவினார். உறையில் ஒரு தமிழெழுத்தும் இல்லை.

அவ்வினா எளிதன்று. பாரசிட்டமால் என்னும் காய்ச்சல் மருந்து இரைப்பையில் மிகச் சிறிதே உறிஞ்சப்படும்; சிறுகுடலை அடைந்த பின்னரே விரைந்து குருதியிற் கலக்கும். 1973-இல் எடின்பரோ ஆய்வாளர் இதனை அளந்து காட்டினர். இரைப்பை வெறுமையாகும் விரைவைக் கதிரியக்கப் பொருள்கொண்டு கணித்தனர். குருதியை இடையிடையே எடுத்து மருந்தளவையும் கண்டனர். இரைப்பை விரைந்து வெறுமையாகியவர்க்கு மருந்தும் விரைந்தேறியது. உணவு அவ்விரைவைத் தணிக்கும். எனினும் எல்லா மருந்துக்கும் ஒரே நெறியன்று: தைராக்சினை வெறுவயிற்றில் உண்ணவேண்டும், இபுபுரூபனை உணவோடு உண்பது வயிற்றுக்கு நலம்.

முன்னுண்டது செரித்தபின் உண்ணுமாறு வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்திற் கூறினார். அதனால் இவ்வளவைகளையும் அவரே கண்டார் எனப் பெருமை பேசுதல் வீண். அளந்தறிந்ததைத் தமிழிற் சொன்னோமா என்பதே வினா.

இயலாதென்பார்க்கு யாழ்ப்பாணம் விடை கூறும். அங்கே மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் கிறீன் 19-ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார், நூல்களும் ஆக்குவித்தார். புதுவையிலோ 1823-இலேயே பிரெஞ்சியர் மருத்துவப் பள்ளி கண்டனர். இருநூறாண்டு கடந்தும் மூதாட்டி பிறர் கையை எதிர்நோக்குகிறார்.

தமிழன்பர்களே! கடைப்பலகையில் தமிழ் கேட்கும் நாம், மருந்துறையிலும் கேட்போம். முன்னது மானம், பின்னது உயிர்.