சரியாக வந்த பிறகுதான் வெளியே வர வேண்டுமா?

போன மாதம் ஒரு மாணவியர் விடுதியில் பேசப் போயிருந்தேன். கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, முதுகலை படிக்கும் ஒரு தங்கை தயங்கியபடி வந்து தன் கைப்பேசியைக் காட்டினாள். உள்ளே இருநூறு படங்களுக்கு மேல் இருக்கும். எல்லாம் அவள் உடுத்திய உடைகள். அம்மாவின் பழைய சுங்குடிப் புடவையில் தைத்த குர்தா, அண்ணனின் சட்டையை வெட்டிச் செய்த மேலாடை, திருப்பூர் காதர்பேட்டையில் வாங்கிய செகண்ட்ஸ் டி-சர்ட். ஒவ்வொன்றுக்கும் நாலைந்து வரி எழுதி வைத்திருந்தாள். எந்தத் துணி, என்ன விலை, எந்த இடத்தில் தையலை மாற்றினாள், அதை உடுத்திக்கொண்டு எங்கே போனாள் என்று. படிக்கப் படிக்க எனக்கு ஆசையாக இருந்தது.

“இதையெல்லாம் எங்கம்மா போட்டிருக்கே?”

“எங்கேயும் போடலீங்கக்கா. ரெண்டு வருசமா எடுத்து வச்சிருக்கேன். இன்னும் சரியா வரலீங்கக்கா.”

எது சரியாக வரவில்லை என்று கேட்டேன். பின்னால் தெரியும் விடுதிச் சுவரில் காரை பெயர்ந்திருக்கிறதாம். வெளிச்சம் போதவில்லையாம். செருப்பு பழசாம். ஒரு தையல் கோணலாம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கடைசியில் சொன்னாள்: “மத்தவங்க போட்டா துணியப் பாப்பாங்க. நாம போட்டா தப்பத்தானுங்கக்கா பாப்பாங்க.”

குறைக்குப் பயந்து தொடங்காமல் இருப்பவர்களுக்குச் சொல்ல உலகத்தில் நிறைய அறிவுரைகள் இருக்கின்றன. தயங்காதே, யாரும் முழுமையானவர் இல்லை, செய்யச் செய்யப் பழகும். எல்லாம் சரிதான். ஆனால் அந்த அறிவுரைகள், எல்லோருடைய தவறுக்கும் ஒரே விலைதான் என்று நினைத்துச் சொல்லப்படுபவை. நம் சமூகத்தில் அப்படி இல்லை. வசதியான வீட்டுப் பிள்ளை கசங்கிய சட்டையில் வந்தால் எளிமை. நம் பிள்ளை வந்தால் அழுக்கு. அவர்கள் கிழிந்த ஜீன்ஸ் போட்டால் ஸ்டைல். நாம் கிழியாத ஜீன்ஸ் போட்டாலே திமிர். 2012இல் தருமபுரி வன்முறைக்குப் பிறகு, தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-சர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பாமக நிறுவனர் ராமதாஸ் பேசியது நினைவிருக்கும். மோசமாக உடுத்தினால் ஒரு பழி, நன்றாக உடுத்தினால் இன்னொரு பழி. இந்த இரண்டுக்கும் நடுவில் ‘சரி’ என்று ஓர் இடமே இல்லை. அந்தத் தங்கை இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தது அந்த இல்லாத இடத்தைத்தான்.

இது இன்றைக்கு வந்ததல்ல. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் பல ஆண்டுகள் போராடி, அடிபட்டு, தோள்சீலை உரிமையைப் பெற்றார்கள். 1859இல் வந்த அரசாணை மார்பை மறைத்துக்கொள்ள அனுமதித்தது. ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணிவதைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அனுமதித்தது. 1930இல் இராமநாதபுரத்தில் ஆதிதிராவிடர்கள் மீது ஆதிக்க சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது. ஆண்கள் கோட்டு, சட்டை, பனியன் போடக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. ஹட்டன் இதைத் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார்.

இவ்வளவு பிரச்சினைகள் இருக்கும்போது உடையைப் பற்றி எழுதுவது ஒரு வேலையா என்று கேட்கும் தோழர்கள் உண்டு. அவர்களுக்கு என் பதில் இந்தப் பட்டியல்தான். அற்ப விஷயம் என்றால் இத்தனை தடை எதற்கு?

அதே காலத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1927 டிசம்பரில், மனுஸ்மிருதி எரிக்கப்பட்ட மகத் மாநாட்டில், திரண்டிருந்த பெண்களிடம் அம்பேத்கர் பேசினார். தீண்டத்தகாதவர் என்று காட்டிக்கொடுக்கும் உடுத்தும் முறையையும், கனத்த மட்ட நகைகளையும் விட்டுவிடுங்கள், புடவையைக் கணுக்கால் வரை இறக்கிக் கட்டுங்கள் என்றார். அந்தப் பெண்கள், ஊருக்குப் போய்ப் பழகிவிட்டு அடுத்த வருடம் கட்டி வருகிறோம் என்று சொல்லவில்லை. அங்கேயே மாற்றிக் கட்டினார்கள். தெரியாதவர்களுக்கு உடனிருந்த பெண்கள் கட்டிவிட்டார்கள். முதல் நாள் கட்டிய அந்தப் புடவைகளில் கொசுவம் எல்லோருக்கும் சரியாக வந்திருக்குமா? வந்திருக்காது. வரலாறு கொசுவத்தையா நினைவில் வைத்திருக்கிறது?

அப்படியானால் அம்பேத்கர் மடிப்புக் கலையாத கோட்டு போட்டாரே, நேர்த்தி நமக்குத் தேவையில்லையா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நேர்த்தியை நான் குறை சொல்லவில்லை. என் அம்மா என் பள்ளிச் சீருடைக்குச் சொட்டு நீலம் போட்டு அலசி, மடித்து, பாய்க்கு அடியில் வைத்துவிட்டுத்தான் படுப்பார். எங்கள் வீட்டில் இஸ்திரிப் பெட்டி கிடையாது. யாரும் என் பிள்ளையை ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்பது அவருடைய வைராக்கியம். அது எனக்குக் கவசமாக இருந்தது. ஆனால் கவசத்தோடு பயமும் சேர்ந்து வந்தது. முதுகலை படித்தபோது துறை விழாவுக்கு எல்லோரும் புடவை கட்டினார்கள். எனக்கு மடிப்பு சரியாக வரவில்லை. நாலு முறை கட்டி அவிழ்த்துவிட்டு, தலைவலி என்று சொல்லி அறையிலேயே படுத்துக்கொண்டேன். அன்று யாரும் என்னைத் தடுக்கவில்லை. தடுக்க வேண்டிய வேலையை அவர்களுக்காக நானே செய்தேன்.

நமக்காக நேர்த்தியாக உடுத்துவது சுயமரியாதை. அவர்களிடம் மதிப்பெண் வாங்கும் வரை வெளியே வர மாட்டேன் என்பது சுயமரியாதை அல்ல. கோட்டு போட அம்பேத்கர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

அந்தத் தங்கையின் அம்மா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறார். துணியில் ஓட்டையோ கறையோ தையல் விலகலோ தெரிந்தால் அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கி வைக்க வேண்டும். அப்படி ஒதுக்கியவற்றில் ஒரு பகுதி செகண்ட்ஸாகச் சந்தைக்கு வருகிறது. நாம் வாங்கிப் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுகிறோம். அந்தக் குறை எங்கே இருந்தது என்று நமக்கே தெரிவதில்லை. 1930இல் பனியன் போடக் கூடாது என்று தடுக்கப்பட்ட மக்களின் பேத்திகள் இன்று வெளிநாட்டுக்குப் போகும் பனியனுக்கு ‘இது தேறும், இது தேறாது’ என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். ஓவர்லாக் எது, ஃப்ளாட்லாக் எது, எந்தத் துணி இரண்டு துவைப்பில் தொய்ந்துவிடும் என்று அந்தத் தங்கைக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். ஃபேஷன் பற்றிப் பேச இதைவிட என்ன தகுதி வேண்டும்?

ஆனால் தோழர்களே, ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். குறையைப் பற்றிய பயம் வேறு, ஆபத்தைப் பற்றிய பயம் வேறு. முதலாவதை உதறுங்கள். இரண்டாவதை மதியுங்கள். பொதுவெளியில் நம் பெண்கள் படம் போட்டால் சாதியையும் நிறத்தையும் சொல்லி வசைபாட ஆள் வரும். முகம் காட்ட விருப்பமில்லையா, கழுத்துக்குக் கீழே மட்டும் படம் எடுங்கள். விடுதியின் பெயர், ஊர், போய்வரும் நேரம் எதையும் எழுதாதீர்கள். பின்னூட்டத்தை மூடி வையுங்கள். மோசமான செய்தி வந்தால் தனியாகப் படித்து அழாமல், நம்பிக்கையான ஒரு தோழியிடம் கைப்பேசியைக் கொடுங்கள். எதையும் அழிப்பதற்கு முன் படம் எடுத்து வையுங்கள். புகார் கொடுக்க அது தேவைப்படும்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தத் தங்கை முதல் படத்தைப் போட்டிருக்கிறாள். சுங்குடிக் குர்தா. பின்னால் அதே காரை பெயர்ந்த சுவர். கீழே இப்படி எழுதியிருந்தாள்: ‘இடது கைத் தையல் அரை அங்குலம் இறங்கிவிட்டது. அடுத்ததில் பார்த்துக்கொள்கிறேன்.’

பதினான்கு பேர் பார்த்திருந்தார்கள். ஒரு பெண் மட்டும், கழுத்துப்பட்டை எப்படித் தைத்தீர்கள் அக்கா என்று கேட்டிருந்தாள்.

ஜெய்பீம்.