பாட்டி என்ன வேலை பார்த்தார்?



டிசம்பர் 22 கணிதமேதை ராமானுஜன் பிறந்த நாள். தேசிய கணித தினம் என்று பள்ளிக்கூடங்களில் அவர் படத்தை வைத்துப் பிள்ளைகளைப் பேசச் சொல்வார்கள். கும்பகோணம், கேம்பிரிட்ஜ், பேராசிரியர் ஹார்டி எல்லாம் அந்தப் பேச்சில் வரும். ஒரு பெயர் மட்டும் அநேகமாக வராது. ரங்கம்மாள். ராமானுஜனின் அம்மாவைப் பெற்ற பாட்டி.

1887ல் ராமானுஜன் பிறந்தது ஈரோட்டில், இந்தப் பாட்டி வீட்டில்தான். மகள் கோமளத்தம்மாளுக்குக் கல்யாணமாகிச் சில வருஷம் குழந்தை இல்லை. நாமக்கல் நாமகிரித் தாயாரிடம் வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளை என்று குடும்பமே நம்பியது. ரங்கம்மாளுக்குத் தாயாரின் அருள்வாக்கு வரும், தன் காலத்துக்குப் பிறகு மகள் வயிற்றுப் பேரன் மூலமாகத் தாயார் பேசுவாள் என்று அவர் சொல்லியிருந்தார் என்றும் சொல்வார்கள்.

சீமைக்குப் போவதா வேண்டாமா என்ற குழப்பம் வந்தபோது, 1913 டிசம்பர் கடைசியில் ராமானுஜன் தேடி வந்ததும் அந்த நாமக்கல் கோயிலைத்தான். மூன்று இரவு அங்கேயே படுத்திருந்தார். அடுத்த மார்ச்சில் கப்பலேறினார்.

பாட்டி கும்பிட்ட சாமிதான் பேரனுக்கும் துணை. ஆனால் அந்தப் பாட்டியைப் பற்றி நமக்கு வேறென்ன தெரியும்? மகளின் பேறுகாலத்தில் பத்தியம் வைத்துக் கொடுத்தது யார்? ராமானுஜனுக்குப் பின் பிறந்த மூன்று குழந்தைகளை அடுத்தடுத்துப் பறிகொடுத்த மகளை மடியில் போட்டுத் தேற்றியது யார்? யாரும் எழுதி வைக்கவில்லை. உலகமே கொண்டாடும் பேரன் இருந்தும் ஒரு பாட்டிக்குக் கிடைத்த இடம் இரண்டு வரிதான். அப்படியென்றால் நம் வீட்டுப் பாட்டிகளுக்கு?

என் அம்மாயி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, ராசிபுரம் பக்கத்துக் கிராமத்துக்காரர். அவர் கணவர், எங்கள் அப்புச்சி, பக்கவாதத்தில் படுத்த படுக்கையாகிவிட, அத்தனை வருஷமும் அவரைப் பார்த்துக்கொண்டவர் அம்மாயிதான். படுக்கைப்புண் வரக்கூடாது என்று அவரைப் புரட்டிப் புரட்டிப் படுக்கவைப்பார். பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து, மடித்து அடுக்கி வைத்திருப்பார். கஞ்சியைக் கரண்டியால் ஊட்டி, வாய் துடைத்துவிட்டுத்தான் தன் தட்டை எடுப்பார். ராத்திரி கட்டிலுக்குக் கீழே பாய். அப்புச்சி லேசாக அசைந்தாலும் தெரியவேண்டும் என்று முந்தானை நுனியை அவர் கைப்பக்கம் கட்டிலில் முடிந்துவிட்டுத்தான் படுப்பார்.

ஐப்பசியில் ராசிபுரம் மாரியம்மன் நோம்பி வரும். அம்மாயி மாவு இடித்து, வெல்லம் சேர்த்து, மாவிளக்குக்கு எல்லாம் தயார் செய்து எங்கள் அம்மாவின் கையில் கொடுத்தனுப்புவார். அவர் வரமாட்டார். வந்துவிட்டால் அப்புச்சியை யார் பார்ப்பது? வாசலில் நின்று கோயில் இருக்கும் திசையைப் பார்த்துத் தலைக்கு மேல் கையெடுத்துக் கும்பிடுவார். அவ்வளவுதான் அவருடைய திருவிழா.

ஒருமுறை கணக்கெடுக்க வந்தவர், "அம்மா என்ன வேலை பாக்கறாங்க?" என்று கேட்டார். "வேலைக்கெல்லாம் போறதில்லைங்க, வூட்லதான் இருக்குது" என்றார் மாமா. பக்கத்தில் நின்ற அம்மாயியும் ஆமாம் என்று தலையாட்டினார். எங்களில் ஒருவருக்கும் அதில் தப்பு எதுவும் தெரியவில்லை.

சேலம், நாமக்கல் பக்கம் இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமா? நாமக்கல் லாரி டிரைவர் வடக்கே லோடு ஏற்றிப் போனால் வீடு திரும்ப வாரக்கணக்கில் ஆகும். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டியில் போகிறவர்கள் மாதக்கணக்கில் வெளி மாநிலத்தில் கிடக்கிறார்கள். பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளில் புருஷன், பெண்டாட்டி இரண்டு பேருமே ஷிப்ட் பார்க்கிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தலைவாரி ஸ்கூல் வேன் ஏற்றிவிடுவது யார்? ராத்திரி காய்ச்சல் அடித்தால் நெற்றியில் ஈரத்துணி போட்டபடி விழித்திருப்பது யார்?

லாரியும் ரிக்கும் தறியும் ஓடுவதற்குப் பேங்க் லோன் எவ்வளவு, டீசல் எவ்வளவு என்று கணக்கு இருக்கிறது. பாட்டியின் உழைப்புக்கு எந்தப் புத்தகத்திலும் கணக்கு இல்லை.

இப்போதுதான் கொஞ்சம் எண்ணத் தொடங்கியிருக்கிறோம். 2024ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சம்பளம் இல்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எங்கே, ஒன்றரை மணி நேரம் எங்கே! குழந்தைகளையும் முதியவர்களையும் பராமரிப்பது இதில் சேராது. அது தனிக்கணக்கு. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 முதல் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் திட்டத்துக்கு 'மகளிர் உரிமைத் தொகை' என்று பெயர் வைத்ததும், வீட்டில் உழைப்பதும் உழைப்புதான் என்று ஒப்புக்கொண்டதால்தானே?

அரசாங்கம் எண்ணட்டும். வீட்டில் நாம் எப்போது எண்ணப்போகிறோம்?

பாட்டி போன பிறகு போட்டோவைப் பெரிதாக்கி மாட்டுகிறோம். மாலை போடுகிறோம், வருஷம் தவறாமல் திதி கொடுக்கிறோம். நல்லதுதான், செய்ய வேண்டியதுதான். ஆனால் அவர் எத்தனை வயதில் கல்யாணமாகி வந்தார், எந்த வகுப்போடு படிப்பை நிறுத்தினார்கள், யார் யாருக்குப் பிரசவம் பார்த்தார், எந்தச் சாமிக்கு எதற்காக நேர்ந்துகொண்டார் என்று பேரன் பேத்திகளைக் கேட்டால் பதில் வருமா? பிரசவ லேகியத்துக்கு என்னென்ன சேர்க்கவேண்டும் என்பதாவது யாருக்காவது தெரியுமா?

அதனால் ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டி பக்கத்தில் உட்காருங்கள். செல்போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டுப் பேச்சுக் கொடுங்கள். "என்ரகிட்ட என்ன கண்ணு இருக்குது சொல்றதுக்கு?" என்றுதான் ஆரம்பிப்பார். விட்டுவிடாதீர்கள். முதலில் யாருக்குச் சோறாக்கிப் போட்டார் என்று கேளுங்கள், அப்புறம் அவரே சொல்லிக்கொண்டு போவார்.

இன்னொன்று, இதைவிட முக்கியம். அவர் இப்போதும் யாரையாவது கவனித்துக்கொண்டிருக்கிறாரா? அப்படியானால் அந்த வேலையில் பாதியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். மகன்களும் பேரன்களும்தான் முதலில். படுத்திருப்பவரைப் புரட்டிப் படுக்கவைக்க ஆண் கை ஆகாதா என்ன?

2021ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரை வீடு தேடி வருகிறது. படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி நிவாரண சிகிச்சையும் பிசியோதெரபியும்கூட உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். முதியவர்களுக்கான உதவி எண் 14567ஐ எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். அப்படியே பாட்டியின் முழங்கால் வலியையும் ஒருதரம் டாக்டரிடம் காட்டுங்கள். அவராகச் சொல்லமாட்டார்.

உங்கள் பாட்டி சொன்னதை எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். பெரிய சாதனை எதுவும் தேவையில்லை. அவர் பெயரும், அவர் பார்த்த வேலையும் இருந்தால் போதும். அடுத்த இதழிலிருந்து அதற்கென்றே ஒரு பக்கம் ஒதுக்குகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்