முதுகு பிடித்தால் படுக்கையா?

"முதுகு பிடிச்சுக்கிச்சா? ஒரு மாசம் எந்திரிக்கக் கூடாது!" நம் மார்க்கையன்கோட்டையில் இதைச் சொல்ல டாக்டர் தேவையில்லை. டீக்கடை பெஞ்சில் இருக்கும் யாரும் சொல்வார்கள். கூடவே பலகைக் கட்டில், இடுப்பு பெல்ட். இந்த யோசனை தவறு என்று உரக்கவே சொல்கிறேன். நம் வயதில் கால் பலம் ஒருமுறை போனால் திரும்ப வருவது லேசில்லை.

எழுபதைத் தாண்டிய பிறகு, அரிசிச் சிப்பத்தைத் தூக்கும்போது எனக்கு இடுப்பில் 'படக்' என்றது. பிரெஞ்சில் இதை 'தூர் தெ ரேன்' என்பார்கள். பள்ளியில் படித்த சொல்லுக்கு அன்றுதான் முழு அர்த்தம் புரிந்தது! முதல் நாள் வலி தாங்காமல் படுத்தேன். மறுநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தேன். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் "பெரியவருக்குப் பிடிவாதம்" என்றார்கள். நாலாம் நாள் தெருமுனை, இரண்டு வாரத்தில் வாய்க்கால் கரை.

இது என் ஒருவன் கதை மட்டுமல்ல. 1995-ல் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்கள் 186 பேரை (நம்மைப் போல நாற்காலி தேய்த்தவர்களும் இருந்திருப்பார்கள்) மூன்று பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு இரண்டு நாள் முழுப் படுக்கை, ஒரு பிரிவுக்கு முதுகுப் பயிற்சி. மூன்றாம் பிரிவினர் வலி விட்டவரை வழக்கமான வேலைகளைச் செய்தார்கள். சீக்கிரம் தேறியவர்கள் இவர்கள்தான். பிரான்சின் அரசுக் காப்பீட்டுத் துறை 2017-ல் முதுகுவலிக்கு அசைவுதான் சரியான சிகிச்சை என்று ஊரெல்லாம் விளம்பரம் செய்தது. 2024-ல் ஆஸ்திரேலியாவில், முதுகுவலி தேறிய 701 பேரிடம் நடத்திய ஆய்வு லான்செட் இதழில் வந்தது. படிப்படியாக நடையைக் கூட்டியவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்ப 208 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 112 நாளே.

"வெள்ளைக்காரன் உடம்பு வேற" என்பார்கள். சரி, நம் வீட்டுக்கே வாருங்கள். நடவுக்குப் போகும் பெண்ணுக்கு இடுப்புப் பிடித்தால் மாசக்கணக்கில் படுக்கச் சொல்லியிருக்கிறோமா? அவள் படுத்தால் கூலி போகும், அடுப்பு எரியாது. இந்தப் படுக்கை வைத்தியம் எங்களைப் போன்ற பென்ஷன்காரர்களுக்கு மட்டுமே கிடைக்கும் சலுகை. அதற்காக, வலியோடு நாள் முழுக்கக் குனிந்து நாற்று நடுவதும் ஏலக்காய் மூட்டை தூக்குவதும் சரி என்று சொல்லவில்லை. அது வேறு கொடுமை. நான் சொல்வது மெல்ல நடப்பது, வலித்தால் நிற்பது, மறுபடி நடப்பது.

கீழே விழுந்து வந்த வலி, கால் மரத்துப்போவது அல்லது பலம் குறைவது, சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போவது, கூடவே காய்ச்சல் என்றால் நடைப்பயிற்சி வேண்டாம். உடனே க.விலக்கு பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்.

மற்றவர்கள், 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கு வருவாரா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். பெல்ட் விற்பவரிடம் கேட்காதீர்கள்.