ஐந்து நாள் கணக்கு

மாதவிலக்கு நின்ற கையோடு சேர்ந்தால் குழந்தை தங்காது என்று அக்கா தங்கைக்குச் சொல்கிறாள், தோழி தோழிக்குச் சொல்கிறாள், கணவன் மனைவிக்குச் சொல்லிச் சமாதானம் செய்கிறான். எனக்கு இந்தப் பேச்சின் மேல் கோபம் உண்டு. இதை நம்பியவள்தான் பிறகு நாள் தள்ளிப்போய் ராத்திரியெல்லாம் விழித்திருக்கிறாள். சொன்னவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

கருமுட்டை வெளிவருவது அடுத்த மாதவிலக்குக்கு ஏறக்குறைய 14 நாள் முன்னால். 28 நாள் சுற்று உள்ளவருக்கு அது 14-ஆம் நாள் வாக்கில் வரும். 24 நாளுக்கொரு முறை விலக்காகிறவருக்கு 10-ஆம் நாளே வந்துவிடும். முட்டையின் ஆயுள் ஒரே நாள்தான். ஆனால் விந்தணு பெண்ணின் உடம்புக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். அப்படியானால் 24 நாள் சுற்றுக்காரருக்கு 5-ஆம் நாள் நடந்த உறவுகூடக் கருவாகலாம். உதிரம் சரியாக நின்றிருக்காத நாள் அது. அமெரிக்காவில் ஆலன் வில்காக்ஸ் குழுவினர் 1995-ல் வெளியிட்ட ஆய்வில், கருவில் முடிந்த உறவுகள் எல்லாமே முட்டை வெளிவரும் நாளோடு முடிகிற ஆறு நாளுக்குள் நடந்திருந்தன. அந்த ஆறு நாள் காலண்டரில் எங்கே விழும் என்பதுதான் பிரச்சினை. 10-ஆம் நாளுக்கும் 17-ஆம் நாளுக்கும் இடையில் முழுவதுமாக அடங்கியது சுமார் 30 சதவீதப் பெண்களுக்குத்தான் என்று அதே குழு பின்னர் காட்டியது. சோர்வு, காய்ச்சல், பயணம், கவலை எதுவும் அதை நகர்த்திவிடலாம். பாதுகாப்பான நாள் என்று நாமாகக் குறித்துக்கொள்வதை நம்பி இருந்துவிட முடியாது. கடைசி நேரத்தில் விலகிக்கொண்டோம் என்பதும் அப்படித்தான்.

நாமக்கல் பக்கம் கட்டிக்கொடுத்த என் அண்ணன் மகள், ஏழு மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போனில் கேட்டாள்: "பால் குடுத்துட்டுத்தானுங்க அத்தை இருக்கேன், இன்னும் பீரியட்ஸே வரலைங்களே, அப்புறம் எப்படீங்க?" தாய்ப்பால் காப்பாற்றும், ஆனால் மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்திருக்கக் கூடாது. பகலும் இரவும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்திருக்க வேண்டும். மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. அவள் குழந்தை கஞ்சி குடிக்க ஆரம்பித்துவிட்டது. பிரசவத்துக்குப் பிறகு முதல் விலக்கு வருவதற்கு முன்னாலேயே முதல் முட்டை வந்துவிடலாம் என்று சொன்னதும், "இதை ஒருத்தரும் சொல்லலைங்களே அத்தை" என்றாள்.

அவள் வீட்டுக்காரர் அன்றிரவே மருந்துக்கடைகளில் அலைந்தார். அவசரக் கருத்தடை மாத்திரை கிடைக்கவில்லை. லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற அந்த மருந்துக்கு 2005 முதல் டாக்டர் சீட்டு தேவையில்லை. மத்திய அரசின் குடும்ப நலத் திட்டத்திலும் அது இருக்கிறது. தமிழ்நாட்டில் தடை எதுவும் இல்லை என்று மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளே சொல்லியிருக்கிறார்கள். இருந்தும் இங்கே பெரும்பாலான கடைகள் வாங்கி வைப்பதில்லை. கருக்கலைப்பு மாத்திரையும் இதுவும் ஒன்று என்ற எண்ணம் இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். இரண்டும் வேறு. லெவோநார்ஜெஸ்ட்ரல் முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். ஏற்கெனவே தங்கிய கருவை அது கலைக்காது, கருவுக்குக் கெடுதலும் செய்யாது. முட்டை வந்துவிட்ட பிறகு விழுங்கினால் பலன் இல்லை. 72 மணி நேரத்துக்குள் என்று சொல்வதை மூன்று நாள் அவகாசம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் நாளில் போடுவதற்கும் மூன்றாம் நாளில் போடுவதற்கும் வித்தியாசம் பெரிது. கடை கடையாக அலைய வைப்பதில் தொலைவது அந்த முதல் நாள்தான்.

அண்ணன் மகளை மறுநாள் காலை அரசு மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். உறவு நடந்து ஐந்து நாளுக்குள் காப்பர் டி வைத்துக்கொண்டால், அவசரக் கருத்தடை முறைகளிலேயே அதற்கு இணை வேறில்லை. நூறு பேரில் ஒருவருக்குக்கூடத் தவறுவது அரிது. அரசு மருத்துவமனையில் இலவசம், பத்து ஆண்டுவரை காக்கும், வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம், பால் கொடுப்பதற்கும் தடையில்லை. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்களுக்கும், வலிப்புக்குச் சில மருந்துகள் சாப்பிடுகிறவர்களுக்கும் மாத்திரை வேலை செய்வது குறையும். அவர்கள் காப்பர் டி பற்றி முதலில் கேட்பது நல்லது. வழக்கமான கருத்தடை மாத்திரையையே அவசரத்துக்குக் கூடுதல் அளவில் கொடுக்கும் பழைய முறையும் உண்டு. பலன் குறைவு, குமட்டல் அதிகம். அளவை டாக்டரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். யாரைக் கேட்பது என்று தெரியாதவர்கள் 104-ஐ அழைக்கலாம்.

மாத்திரை போட்டு இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். இதைவிட முக்கியமான ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. முட்டை தள்ளித்தான் போயிருக்கிறது, சில நாளில் அது வரும். மாத்திரை போட்ட தைரியத்தில் அதே வாரம் ஆணுறை இல்லாமல் மறுபடி சேர்ந்தால் ஆபத்து முன்னைவிட அதிகம். அடுத்த விலக்கு சில நாள் முந்தலாம், பிந்தலாம். ஒரு வாரத்துக்கு மேல் பிந்தினால் சிறுநீர்ப் பரிசோதனை செய்ய வேண்டும். உறவு நடந்த மறுநாளோ நாலாம் நாளோ பரிசோதித்து ஒரு கோடு பார்த்து ஆறுதல் அடைவதில் அர்த்தமில்லை, 21 நாள் கழித்துப் பார்த்தால்தான் நம்பலாம். நடுவில் பப்பாளியும் எள்ளுருண்டையும் தின்று காத்திருப்பவர்களை நினைத்தால் மனசு வலிக்கிறது. அவை எதையும் தடுப்பதில்லை, நாள்தான் போகிறது.

உறவு விருப்பமில்லாமல் நடந்த கொடுமையாக இருந்தால், அரசோ தனியாரோ எந்த மருத்துவமனையும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்.

பரிசோதனையில் இரண்டு கோடு வந்துவிட்டால்? தொடர்வதா வேண்டாமா என்பதை அந்தப் பெண் முடிவு செய்யட்டும். வேண்டாம் என்றால், ஒன்பது வாரம் வரை டாக்டரின் மேற்பார்வையில் மாத்திரையிலேயே முடிக்கலாம். கடையில் ரகசியமாக வாங்கி வீட்டில் விழுங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். கரு குழாயில் தங்கியிருந்தால் அது உயிருக்கே ஆபத்து. கருத்தடை தவறித் தங்கிய கருவை 20 வாரம் வரை ஒரு டாக்டரின் ஒப்புதலோடு கலைக்க 2021 சட்டத் திருத்தம் இடம் தருகிறது, மணமாகாதவர்களுக்கும் சேர்த்து. பெயரையும் விவரத்தையும் மருத்துவமனை வெளியே சொல்லக் கூடாது. கணவர் கையெழுத்துப் போட்டால்தான் செய்வோம் என்று யாராவது சொன்னால், 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டும் போதும் என்று சட்டமே சொல்கிறது என்பதை அங்கேயே நின்று சொல்லுங்கள்.