வாங்கினால்தான் பாதுகாப்பா?

போன வாரம் ஓர் ஆடிட் அறிக்கை கைக்கு வந்தது. அலுவலகத்துக்குள் மட்டும் ஓடும் ஒரு சர்வர். ‘.லோக்கல்’ என்று முடியும் அதன் பெயர் வெளி உலகத்துக்குத் தெரியாது. அதற்கு நாங்களே உருவாக்கிக் கையெழுத்திட்ட சான்றிதழைப் பார்த்துவிட்டு, “செல்ஃப் சைன்டு. பெரும் அபாயம். அங்கீகாரம் பெற்ற நிறுவனத்திடம் வாங்கவும்” என்று சிவப்பில் எழுதியிருக்கிறார்கள். இந்த மூடநம்பிக்கைக்கு முடிவே கிடையாதா?

அங்கீகாரம் பெற்ற நிறுவனம் என்றால் டிஜிநோட்டார் மாதிரியா? நெதர்லாந்து அரசின் இணையதளங்களுக்கே சான்றிதழ் கொடுத்த நிறுவனம் அது. தணிக்கையிலெல்லாம் தேறியதுதான். 2011இல் உள்ளே புகுந்தவர்கள் கூகுள் பெயரிலும் பிற பெயர்களிலுமாக 500க்கு மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை அடித்துக்கொண்டு போனார்கள். ஜூலையிலேயே விஷயம் தெரிந்தும் நிறுவனம் வாயைத் திறக்கவில்லை. ஈரானில் சுமார் 3 லட்சம் ஐபி முகவரிகள் அந்தப் போலியில் சிக்கின. விசாரித்தவர்கள் கண்டது என்ன? எளிதில் உடைக்கக்கூடிய பாஸ்வேர்டு. ஆன்டிவைரஸ்கூட இல்லாத சர்வர்கள். செப்டம்பரில் டிஜிநோட்டார் திவால். நம் நாடு மட்டும் என்ன வாழ்ந்தது? 2014இல் மத்திய அரசின் என்.ஐ.சி. வழியாகவே கூகுள், யாஹூ பெயர்களில் போலிச் சான்றிதழ்கள் வெளிவந்தன.

இன்னொன்றையும் கேளுங்கள். விண்டோஸும் பிரவுசரும் சுமந்துவரும், மற்றச் சான்றிதழ்களுக்கு வேரான ரூட் சான்றிதழ்கள் அத்தனையும் தமக்குத்தாமே கையெழுத்திட்டவைதான். டிஜிநோட்டாரின் ரூட்டும் அப்படித்தான்! அவர்கள் செய்தால் அங்கீகாரம், நாங்கள் செய்தால் அபாயமா? தகவலை மறைகுறியாக்கும் வேலை இரண்டிலும் ஒன்றே. கையெழுத்திட்டவரைப் பிரவுசருக்குத் தெரியுமா என்பதில்தான் வித்தியாசம். தெரியவைக்க வழி இருக்கிறது. ஓபன்எஸ்எஸ்எல்லில் சொந்த ரூட் ஒன்றை உருவாக்கி, அதைக் கொண்டு சர்வரின் சான்றிதழில் கையெழுத்திட்டு, ரூட்டின் பிரைவேட் கீயை நெட்வொர்க்கில் சேராத கணினியில் பூட்டி வைத்தோம். ரூட் சான்றிதழை ஒவ்வொரு மேசைக் கணினியிலும் நிறுவும்முன், அதன் ஃபிங்கர்பிரின்ட்டின் 64 எழுத்துகளையும் ஒருவர் போனில் வாசிக்க, மற்றவர் திரையில் சரிபார்த்தார். இப்போது எந்தக் கணினியிலும் எச்சரிக்கை வருவதில்லை. இடையில் யாராவது போலியை நுழைத்தால் வரும். டிஜிநோட்டாரில் இவ்வளவு அக்கறை காட்டியிருந்தால் திவாலாகியிருக்க வேண்டாம்.

வாங்கச் சொல்கிறார்களே, எங்கே வாங்குவது? ‘.லோக்கல்’ பெயருக்குச் சான்றிதழ் தரப் பொது நிறுவனங்களுக்கு அனுமதியே இல்லை. முன்பு கொடுத்தவற்றையும் 2016க்குள் ரத்து செய்துவிட வேண்டும் என்று அவர்களே விதி வகுத்திருந்தார்கள். யாரும் விற்கக் கூடாத பொருளை வாங்கச் சொல்வதற்குப் பெயர் ஆலோசனை!

மாதாமாதம் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி உயிரை வாங்குவதும் இதே கூட்டம்தான். காரணமில்லாமல் மாற்றவைக்காதீர்கள் என்று அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017இலேயே சொல்லிவிட்டது. சான்றிதழிலும் இதே கதைதான்: காசை வாரி இறைத்து வாங்கிய சான்றிதழுக்காக நிறுவனத்தின் பெயரைத் தனியாகக் காட்டிய அடையாளத்தை 2019இல் குரோம் முகவரிப் பட்டையிலிருந்தே தூக்கிவிட்டது. லெட்ஸ் என்க்ரிப்ட் 2015 முதல் சான்றிதழை இலவசமாகத் தருகிறது. இன்னமும் ரசீதைக் காட்டினால்தான் நம்புவார்களாம்.

சிவப்பில் எழுத வேண்டியது வேறு. “எச்சரிக்கை வந்தால் அட்வான்ஸ்டு அமுக்கிப் போய்க்கிட்டே இருங்க சார்” என்று சில அலுவலகங்களில் ஊழியர்களைப் பழக்குகிறார்களே, அதை எழுதுங்கள். பிரைவேட் கீயை யார் வேண்டுமானாலும் திறக்கும்படி போட்டு வைத்திருந்தால் எழுதுங்கள். எங்கள் சர்வருக்கு எங்கள் கையெழுத்தே போதும். அதைக் காக்க எங்களுக்குத் தெரியும்.